நான்கு அறைகளும் ஒரு தூணும்

ஆற்காட்டில் கணவனை இழந்த வேதவல்லிக்கும் அவள் மகள் புவனிதாவுக்கும் நடந்த அநியாயம் இது: வீட்டில் சரிபாதி கொடுத்தார்கள், நடக்க வழி கொடுக்கவில்லை.

வீடு ஒரு சதுரம். நடுவில் ஒரு தூண். அதிலிருந்து நான்கு திசையிலும் சுவர்கள் ஓடி வீட்டை நான்கு அறைகளாக்கின. ஒவ்வொரு சுவரிலும் ஒரு கதவு. முன்னறைகள் இரண்டுக்கும்தான் தெருவாசல். பாகம் பிரித்தபோது கொழுந்தன் தணிகாசலம் வலப்புற முன்னறையையும் இடப்புறப் பின்னறையையும் எடுத்துக்கொண்டார். மற்ற இரண்டும் அண்ணிக்கு.

"உங்க ரெண்டு ரூமும் தூணைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு அண்ணி, அப்புறம் என்ன?"

துக்கம் ஆறாத வேதவல்லி கையெழுத்துப் போட்டாள். முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு அங்கேயே படுத்தாள். பின்னறை மகளுக்கு. மறுவாரமே தணிகாசலம் நான்கு கதவுகளுக்கும் தன் பக்கமாகத் தாழ்ப்பாள் வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து புவனிதா கல்லூரிக்குப் போவது சித்தப்பாவின் தயவு. ஜன்னலிலோ கம்பி. "யாரைப் பார்க்க இவ்வளவு அவசரம்?" என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டு, இஷ்டப்பட்டால் திறப்பார். அவர் படுப்பது தன் பின்னறையில். விடிந்ததும் மதில் சூழ்ந்த கொல்லையில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு அவள் அறைக்குள் நுழைந்து, அவள் புத்தகங்களைத் தாண்டித் தன் முன்னறைக்குப் போவார். அவளுடைய ஒரு பரீட்சைக் காலையில் அவர் வேண்டுமென்றே எழுந்திருக்கவில்லை. அந்தப் பரீட்சை போனதுதான்.

பேசி முடிக்க எதிர்வீட்டு அரங்கநாதன் வந்தார்.

"ரூமை மாத்திக் கொடுங்க, இல்ல வழி விடுங்க தம்பி" என்று வேதவல்லி கெஞ்சினாள்.

"கொல்லைப் பக்கத்தை விட முடியாது. என் ரூம் என்ன பஸ் ஸ்டாண்டா? என் கதவு, என் தாழ்ப்பாள்."

"தூண்கிட்டதானே தொடுது? அங்க கொஞ்சம் குடைஞ்சு வழி போட்டா?" என்றார் அரங்கநாதன்.

"குடைஞ்சா கூரை நம்ம தலையில மாமா" என்றாள் புவனிதா. "சித்தப்பா சொல்றதுதான் சரி. அவங்கவங்க கதவை அவங்கவங்க சாத்திக்கலாம். இதை உங்க முன்னாடி அவர் வாயால சொல்லட்டும், போதும்."

தணிகாசலம் மனம் குளிர்ந்துபோய் இரண்டு தடவை சொன்னார். வேதவல்லி மகளை எரித்துவிடுவது போல் பார்த்தாள்.

வழி கேட்ட தாயா, தூணைக் குடையச் சொன்ன பெரியவரா, எதிராளிக்குத் தலையாட்டிய மகளா? இவர்களில் யார் செய்தது சரி?

மகள்தான். மூலையில் மட்டும் தொடும் இரண்டு அறைகள் சந்திப்பது ஒரு புள்ளியில். புள்ளிக்கு அகலம் கிடையாது, அதில் எந்தத் தச்சனும் கதவு வைக்க முடியாது. ஆனால் சித்தப்பாவின் அறைகளும் அதே புள்ளியில்தானே தொட்டன? வீட்டில் இருந்த நான்கு சுவர்களுக்கும் ஒரு பக்கம் அவர் என்றால் மறுபக்கம் இவர்கள். அன்று மாலையே தாய் முன்னறையிலும் மகள் பின்னறையிலும் தங்கள் பக்கமாகத் தாழ்ப்பாள் வைத்தார்கள். விடிந்ததும் கதவு தட்டப்பட்டது.

"புவனா, திறம்மா. ஆபீசுக்கு நேரமாகுது."

அவள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்க ரெண்டு ரூமும் தூணைத் தொட்டுக்கிட்டுத்தானே இருக்கு சித்தப்பா, அது வழியாப் போங்க. முடியலன்னா முதல்ல உங்க தாழ்ப்பாளைக் கழட்டுங்க, அப்புறம் நான் திறக்கறேன்."