பன்னுக்கு யார் சாட்சி?

பேக்கரி அந்தோணிமுத்துவின் உடம்பில் சதை இருந்த இடம் நாக்கு ஒன்றுதான். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கென்று தினமும் ஒரு கூடை பன் கொண்டுவந்து இறக்குவது அவர் வேலை. அதுதான் அவருடைய பிழைப்பும்.

ஒருநாள் ஆஸ்பத்திரி மேனேஜர் தணிகாசலம் வார்டு நடுவில் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"உன் பன்னுல சத்தே இல்லய்யா! நோயாளி ஒருத்தனும் தேறல. சத்து இருக்குன்னு இப்பவே காட்டு, இல்லேன்னா நாளையிலேர்ந்து வராதே!"

அந்தோணிமுத்து தன் விலா எலும்பைத் தடவிப் பார்த்தார்.

"என்னைக் காட்டினா யாரும் நம்பமாட்டாங்க, ஐயா. இந்த நோயாளிங்களும் சாட்சி இல்ல. பன்னைக் கண்ணால பார்த்ததே இல்லையே! கூடையை உங்க வீட்டுலதானே இறக்கச் சொல்றீங்க? உங்க நாயைக் கொண்டுவரச் சொல்லுங்க, சத்து தெரியும். ஆனா தூக்கிட்டு வர ரெண்டு ஆள் வேணும்."