தூபக்காலில் கை வைக்காதவர்கள்

உமையாளுக்கு அண்ணன்மார் மூன்று பேர். ஏகப்பன், சாத்தப்பன், நாச்சியப்பன். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். அந்த வீட்டின் கஷ்டமே அதுதான்.

கொள்ளுத்தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்த சீனத்து வெண்கலத் தூபக்கால் ஒன்று பெட்டகத்தில் இருந்தது. மூன்று கால், டிராகன் தலை போட்ட இரண்டு காது, மூடியில் ஒரு சிங்கம். அது விலைபோனால் உமையாள் மதுரையில் கிடைத்த சீட்டுக்குப் பணம் கட்டி வக்கீலுக்குப் படிக்கலாம். போகாவிட்டால் இந்த மூவரோடுதான் காலம் தள்ள வேண்டும்.

சென்னை வியாபாரி போனில் சொன்னார்: "போட்டோ பாத்தேன். முந்நூறு வருஷமாப் படிஞ்ச பச்சைக் களிம்பு. விலையே அதுக்குத்தான். நாளைக்கு வர்றேன், முற்றத்து வெளிச்சத்துல வைங்க. ஆனா யாரும் கை வைச்சிடாதீங்க!"

"நான் வைக்கிறேன்" என்றாள் உமையாள்.

"பொம்பளைப் பிள்ளைக்கு இந்த நுணுக்கமெல்லாம் புரியாது" என்றார் ஏகப்பன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சர்டிபிகேட் வாங்கப் பள்ளிக்கூடம் போனாள். நுணுக்கம் தெரிந்தவர்கள் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"முழங்கையால தூக்குவோமா?"

"பேரிலேயே கை இருக்கேடா!"

"அப்ப காலால தள்ளுவோம். தூபக்கால். அதுக்கும் பேரிலேயே கால் இருக்கு."

மூவரும் பெட்டகத்தைத் திறந்து வைத்துத் தரையில் மல்லாந்து படுத்து, கீழ்த்தட்டில் இருந்ததைக் காலால் உந்தினார்கள். தூபக்கால் உருண்டு முற்றத்தில் விழுந்தது. ஓரத்தில் துளிப் பச்சை உதிர்ந்தது.

"ஐயோ, களிம்பு போச்சு!"

"அழாதீங்கண்ணே. மெடிக்கல்ல விக்கிறான்."

மருந்துக்கடைக்காரர் கேட்டார்: "யாருக்கு அடி?"

"எங்க வீட்டுச் சீனாக்காரருக்கு. முற்றத்துல விழுந்துட்டார்."

"வயசு?"

"முந்நூறு."

முப்பது என்று காதில் வாங்கிக்கொண்ட கடைக்காரர், "நல்லாக் கழுவித் துடைச்சிட்டுப் பூசுங்க" என்றார்.

உமையாள் திரும்பி வந்தபோது மூன்று அண்ணன்மாரும் கால்விரலில் தேங்காய் நாரை மாட்டிக்கொண்டு, புளி போட்டுத் தேய்த்து முடித்திருந்தார்கள். நேற்று கடையில் வாங்கியதுபோல் மின்னிய தூபக்காலின் மேல் வெள்ளைக் களிம்பு அப்பியிருந்தது. அதன் மூன்று காலில் ஒன்றுக்குக் கட்டு வேறு.

"படுபாவிகளா! இது மறுபடி பழசாக முந்நூறு வருஷம் ஆகுமே!"

அண்ணன்மார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அப்படியா? விவரமாச் சொன்னாத்தானே தெரியும்" என்றார் ஏகப்பன்.

மறுநாள் வியாபாரி அதை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "கை வைச்சுட்டாரே!" என்று பதறினார் சாத்தப்பன். வியாபாரி கையைத் துடைத்தபடி காரில் ஏறினார்.

"முந்நூறு வருஷம் கழிச்சு வாங்க சார்!" என்று ஏகப்பன் வாசல்வரை ஓடிச் சொல்லிவிட்டு வந்தார்.

உமையாள் பையைத் தூக்கினாள். "காலேஜ்ல நானே போய்ப் பேசிக்கிறேன். தவணை கேப்பேன், சண்டை போடுவேன்."

"எதுக்கு அலையிறே? நேத்தே லெட்டர் போட்டாச்சு." நகலை எடுத்துப் பெருமையாகப் படித்தார் ஏகப்பன்: "எங்கள் தங்கை உமையாள் முந்நூறு வருஷம் கழித்து வந்து சேருவாள். அதுவரை அவள் சீட்டில் யாரும் கை வைக்க வேண்டாம்."

நாச்சியப்பன் நெற்றியைச் சுருக்கினார். "கால் வைக்கலாமான்னு எழுதலையேண்ணே?"