திரும்பி வந்த ஒன்று

"முப்பது வருஷமா பிள்ளைகளுக்குப் பொய் சொல்லியிருக்கேன், மேடம். இனி வகுப்புக்குப் போகமாட்டேன்."

சொன்னவர் சவரிமுத்து, ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர். கேட்டவர் அணு ஆய்வாளர் உலகம்மை. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர்.

"என்ன பொய்?"

"அணுவை முதல்ல உடைக்க முடியாத உருண்டைன்னேன். அடுத்த வாரம் தர்பூசணின்னேன், விதைதான் எலக்ட்ரான்னேன். அதுக்கடுத்து சூரியக் குடும்பம். இப்ப மேகங்கிறாங்க. 'அப்ப போன வாரம் பொய் சொன்னீங்களா சார்'னு ஒரு பிள்ளை கேட்டுட்டா. எதுதான் மேடம் நிஜம்?"

உலகம்மை எழுந்தார். செருப்பைக் கழற்றச் சொல்லி ஆய்வகத்துக்குள் அழைத்துப் போனார்.

உள்ளே ஒரு கண்ணாடிக் கலம். அதன் நடுவில் மெல்லிய தங்கத் தகடு. கதிர்த் துகள்கள் தகட்டில் பாய்ந்தன. அதற்கு அப்பால், வந்து படும் ஒவ்வொரு துகளுக்கும் 'டிக்' என்று ஒலிக்கும் எண்ணிக் கருவி பொரி வறுப்பதுபோல் படபடத்தது.

"இப்ப ஒரு மணி நேரம் தர்பூசணியை நம்புங்க."

"அது தப்புன்னு தெரியுமே!"

"தெரியட்டும். நம்புங்க."

மனிதர் நல்லவர். சொன்னதைச் செய்தார்.

"தகட்டுக்குள்ள நேரா புகுந்து போகுது. தர்பூசணின்னா உள்ள எல்லாம் மெத்துன்னுதானே, போகத்தானே செய்யும்."

உலகம்மை எண்ணியைத் தகட்டின் இந்தப் பக்கம், துகள் கிளம்பும் பக்கம், திருப்பி வைத்தார்.

"இங்க எதுவும் வராதே மேடம்."

"வராது" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

சத்தமே இல்லை. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். சவரிமுத்துவுக்குக் கண் சொருகியது.

டிக்.

துள்ளி எழுந்தார். உடம்பெல்லாம் புல்லரித்தது. ஏன் என்று தெரியாமலே கைகூப்பினார்.

"மேடம்! ஒண்ணு திரும்பி வந்துருச்சு!"

உலகம்மை வாசலில் நின்றார். "ஒரு சின்னச் சத்தம். அதுக்கா இந்தக் கூப்பாடு?"

"சத்தமா? வரவே கூடாது மேடம்! முட்டித் திரும்ப உள்ளே கெட்டியா எதுவுமே கிடையாதே, தர்பூசணிக்குள்ள..."



"தர்பூசணி தெரியாத ஒருத்தர் இங்க உட்கார்ந்திருந்தா?" என்று கேட்டார் உலகம்மை.

"வெறும் சத்தம்னு விட்டிருப்பார்" என்றார் சவரிமுத்து, தகட்டைப் பார்த்தபடி. கண் கலங்கியிருந்தது.

"மணி என்ன மேடம்?"

"பதினொண்ணேகால்."

"ஐயோ, மதியம் முதல் பீரியட் எனக்கு!"

செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்.