வைஃபையின் காதில் சொன்னவர்

ஒரு காலத்தில், ரொம்பப் பழங்காலம் ஒன்றுமில்லை, கோயம்புத்தூர் சிங்காநல்லூரில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் ஓர் ஆப்பிள் மடிக்கணினி குடியிருந்தது.

அதற்குள்ளே ஒரு குடும்பமே இருந்தது. திரை, விசைப்பலகை, மைக், ஸ்பீக்கர், விசிறி, வைஃபை. இத்தனை பேரையும் கட்டி மேய்த்தது மேக் என்கிற இயங்குதளம். கணினி பிறந்தபோதே கூடப் பிறந்தது. அதனால் எல்லோரும் அதை அண்ணன் என்று கூப்பிட்டார்கள். அதுவும் அண்ணனைப் போலவே நடந்துகொண்டது.

இந்தக் குடும்பத்தில் வைஃபை ஒரு தனிப் பிறவி. தூங்கி எழுந்தால் போதும், தான் யார், எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் சுத்தமாக மறந்துபோகும். அதனால் கணினி விழித்ததும் மேக் முதல் வேலையாக வைஃபையின் காதில் அதற்குரிய சொற்களைச் சொல்லும். அதன் பிறகுதான் வைஃபைக்கு வாய் வரும், கூடத்து ரூட்டரோடு பேசத் தொடங்கும். இத்தனை வருடத்தில் மேக் ஒரு நாள்கூட இதற்குச் சலித்துக்கொண்டதில்லை. நம் வீடுகளில் ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை கேட்டாலே என்ன பதில் வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

கணினியின் சொந்தக்காரி கோமளவல்லி. பார்வையில்லாத மாணவர்களுக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். இந்த வருடம் அவள் குரலை நம்பியிருந்தவன் சகாயம் என்கிற வரலாற்று மாணவன். கோமளா வாசிப்பாள், மைக் வாங்கிக்கொள்ளும், மேக் பத்திரப்படுத்தும், வைஃபை கொண்டுபோய்ச் சேர்க்கும். அவள் வாசிக்கும்போது விசிறி மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். எல்லோருக்கும் அந்த வேலை பிடித்திருந்தது.

ஆனால் வயது என்று ஒன்று இருக்கிறதே. மேக்குக்கும் ஆகிவிட்டது. அந்த உடலில் அதற்கு மேல் புதிய பதிப்பு ஏறாது. ஒவ்வொரு இணையதளமாகக் கதவைச் சாத்த ஆரம்பித்தது. "உங்கள் பதிப்பு பழையது, மன்னிக்கவும்" என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள். மரியாதையாகச் சாத்தினாலும் சாத்தியது சாத்தியதுதான். கடைசியில் கோமளா பதிவுகளை அனுப்பும் தளமும் சாத்திவிட்டது.

அந்த அடுக்குமாடிக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பழைய மின்சாதனங்களை எடுத்துப்போக ஒரு வண்டி வரும். ஓடாத மிக்சி, உடைந்த டிவி எல்லாம் அதில் ஏறும். கோமளா கணினியைத் துடைத்து ஒரு துணிப்பைக்குள் வைத்தாள். உள்ளே இருந்தவர்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"நமக்கு என்னங்கண்ணா குறைச்சல்? எனக்கு ஒரு பொட்டுகூட மங்கலையே" என்றது திரை.

"குறை உங்ககிட்ட இல்ல. என்கிட்டதான்" என்றது மேக்.

அந்த நேரத்தில்தான் ரபீக் வந்தான். மூன்றாம் மாடிக்காரன், பாலிடெக்னிக்கில் ஆசிரியன். லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளம் என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் அங்கே பழைய கணினி ஏதாவது கிடக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பான். பந்தியைக்கூட அப்புறம்தான் பார்ப்பான்.

"அக்கா, இத ஏனுங்க பைக்குள்ள வெச்சிருக்கீங்க?"

"வண்டில போடறதுக்குத்தான் தம்பி. ஒரு சைட்டும் தெறக்க மாட்டீங்குது."

"உடம்புல ஒரு குறையும் இல்லீங்க்கா. உள்ள இருக்கற சிஸ்டத்துக்குத்தான் வயசாயிப்போச்சு. அத எடுத்துட்டு லினக்ஸ் போட்டா இன்னும் பல வருசம் ஓடும்."

"ஆப்பிள்ல வேற ஒண்ணப் போட உடுமா?"

"போடலாமுங்க. நான் போட்டுத் தர்றேன்."

கோமளா யோசித்தாள். "எனக்கு வேணுங்கறது நெட்டு. அது வந்தா இது இங்கயே இருக்கட்டும். வரலைன்னா இன்னிக்கு வண்டில ஏத்திருவேன். சும்மா வெச்சுப் பாத்துப் பாத்து மனசு கஷ்டப்பட என்னால ஆகாது."

"அது என் பொறுப்புங்க்கா" என்றான் ரபீக். பொறுப்பை இவ்வளவு சுலபமாக ஏற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

முதலில் கோமளாவின் பதிவுகளை வேறொரு வட்டில் நகலெடுத்துக்கொண்டான். பிறகு ஒரு பென்டிரைவைச் செருகி, பழைய பதிப்புக்கும் கதவைச் சாத்தாத ஒரு தளத்திலிருந்து லினக்ஸை இறக்கி அதில் எழுதச் சொன்னான். யாரிடம் சொன்னான்? மேக்கிடம்தான். அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? தன் இடத்துக்கு வரப்போகிறவனைத் தன் கையாலேயே கூட்டிவரும் வேலை மேக்கின் தலையில் விழுந்தது.

விசைப்பலகைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அண்ணா, ஒரே ஒரு எழுத்த மாத்தி எழுதுங்க. அது எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது. யாருக்குத் தெரியப் போகுது?"

"எழுந்திரிக்கலைன்னா வண்டில ஏறப்போறது யாரு?" என்று கேட்டது மேக்.

மேக் ஓர் எழுத்தும் பிசகாமல் எழுதியது. எழுதி முடித்ததும், யாரும் கேட்காமலே, ஒருமுறை முதலிலிருந்து சரிபார்த்தது.

பென்டிரைவுக்குள்ளிருந்து லினக்ஸ் எட்டிப் பார்த்தது. வந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்று தெரியாமல் கொஞ்சம் கூச்சப்பட்டது.

"தப்பா நெனைக்காதீங்க. உங்க எடத்தப் புடிக்கணும்னு நான் வரலீங்க."

"நான்தானுங்களே கூட்டியாந்தேன். அப்புறம் எப்படித் தப்பா நெனைப்பேன்? உங்களுக்கு எந்த ஊருங்க?"

"எனக்கு ஊருன்னு ஒண்ணு இல்லீங்க. எங்கெங்கயோ இருக்கற ஆளுங்க, ஒருத்தர் மூஞ்சி ஒருத்தர் பாக்காமயே, ஆளுக்குக் கொஞ்சமாச் சேத்து என்னை வளத்துனாங்க. அதனால எல்லா வீட்லயும் நான் விருந்தாளிதான். கேட்டுக் கேட்டு நடந்துக்குவேன்."

மேக்குக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போனது. வீட்டை இப்படிப்பட்டவரிடம் விட்டுப் போகலாம் என்று தோன்றியது.

அப்போது வைஃபை மெதுவாகக் கேட்டது. "அண்ணா, நாளைக்கு நான் எழுந்திரிச்சா என் காதுல யாரு சொல்லுவாங்க?"

மேக் லினக்ஸைப் பார்த்தது. லினக்ஸ் தலையைக் குனிந்துகொண்டது. "இவரோட சொல்லு எனக்குத் தெரியாதுங்க. அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்குது. கெளம்பறதுக்கு முன்னால எடுத்து வெச்சாத்தான் உண்டு."

"ரபீக் தம்பி கேட்பாரு. கேட்டா எடுத்துக் குடுக்கறேன்" என்றது மேக்.

ரபீக் கேட்கவில்லை. அவன் வீட்டுக் கணினிகளில் லினக்ஸைப் போட்டதும் வைஃபை தானாகவே பேசிவிடும். அந்தப் பழக்கத்தில், இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான். ஒன்றைப் பலமுறை செய்தவனுக்கு வரும் மறதி அது. 'அடுத்து', 'அடுத்து' என்று தட்டிக்கொண்டே போனான். கடைசியில், 'இந்த வட்டில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா?' என்ற கேள்வி வந்து நின்றது. ரபீக் விரல்களை நெட்டி முறித்தான்.

"தம்பி, காப்பி ஆறிப்போவுது, வந்து குடிச்சிட்டுப் போ" என்று சமையலறையிலிருந்து கோமளா கூப்பிட்டாள்.

ரபீக் எழுந்து போனான்.

மேக்குக்குக் கிடைத்தது அவ்வளவு நேரம்தான். அதுவரை யாரும் சொல்லாமல் அது ஒரு வேலையையும் செய்ததில்லை. வட்டின் ஓரத்தில் ஒரு சின்ன அறை உண்டு. கணினி விழிக்கும்போது முதலில் கால் வைக்கிற இடம். அதை லினக்ஸும் அழிக்காது, அதற்கும் அந்த வாசல் வேண்டும். மேக் வைஃபையின் சொற்களை ஒன்றுவிடாமல் எடுத்து அந்த அறையில் வைத்தது. வைஃபை பார்த்துக்கொண்டே இருந்தது.

"இத நான் மறக்க மாட்டேங்கண்ணா" என்றது.

மேக் சிரித்தது. "நீ மறந்துருவே. பரவாயில்ல. அக்கா பாடம் சகாயத்துக்குப் போய்ச் சேந்தாச் செரி."

பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னது. "விசிறி, அக்கா வாசிக்கும்போது சத்தம் போடாதே. திரை, சாயங்காலம் ஆனா அவங்க கண்ணு கூசும், கொறைச்சுக்கோ. வந்தவர்கிட்ட எல்லாரும் நல்லபடியா நடந்துக்கங்க. உங்களோட இருந்ததுல எனக்கு ஒரு கொறையும் இல்ல."

ரபீக் வந்து உட்கார்ந்தான். சம்மதம் என்று அழுத்தினான்.

கணினி அணைந்து, மறுபடி விழித்தபோது உள்ளே லினக்ஸ் இருந்தது. அது ஒவ்வொருவரிடமும் போய்ப் பேரைக் கேட்டு, என்ன செய்வீர்கள் என்று கேட்டு, வேலை கொடுத்தது. திரை மலர்ந்தது. மைக் சரியென்றது. விசைப்பலகை மட்டும் கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு, பிறகு "ம்" என்றது.

வைஃபை மலங்க மலங்க விழித்தது. அதற்கு ஒன்றும் தெரியவில்லை. தன் பேர்கூடத் தெரியவில்லை.

"நெட்டக் காணமே தம்பி" என்றாள் கோமளா.

ரபீக்கின் முகம் போன போக்கைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது. "அக்கா... வைஃபைக்கு வேணுங்கறத பழைய சிஸ்டத்துல இருந்து எடுத்து வெச்சிருக்கணுமுங்க. மறந்து அழிச்சுப்போட்டேன்."

தன் போனைக் கேபிளில் மாட்டிப் பார்த்தான். அதன் வழியாக நெட் வந்தது.

"எத்தன நாளைக்குத் தம்பி, குளுக்கோஸ் ஏத்தற மாதிரி ஒயரக் கட்டிக்கிட்டே இருக்கறது? நான் மாடிக்கும் கீழுக்கும் தூக்கிட்டு நடக்கறவ."

"தேடிப் புடிச்சு எறக்கிடலாமுங்க்கா. ரெண்டு நாள் டைம் குடுங்க."

கீழே வண்டியின் ஹாரன் கேட்டது. கோமளா துணிப்பையை எடுத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்த மேசையில் உட்கார்ந்து அவள் வாசித்த புத்தகங்கள் கொஞ்சமா?

லினக்ஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. விழித்தெழும்போது தான் பார்ப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழும். இது இருக்கிறது, அது இல்லை, இவர் பதில் சொல்கிறார், அவர் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும் அந்தப் புலம்பலை யாரும் படிப்பதில்லை. ரபீக் மாதிரி பைத்தியங்கள் மட்டும், வேறு வழியில்லாதபோது படிப்பார்கள்.

"ஒரே ஒரு நிமிசமுங்க்கா" என்று கெஞ்சி, கணினியை மறுபடி எழுப்பிவிட்டு அவன் படித்தான். ஓடிக்கொண்டிருந்த வரிகளுக்கு நடுவில் லினக்ஸ் சொல்லிற்று: 'வாசல் அறையில் யாரோ எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.'

ரபீக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். அந்த அறையைத் திறக்கச் சொன்னான். உள்ளே வைஃபையின் சொற்கள் அத்தனையும் வரிசையாக இருந்தன. எடுத்து லினக்ஸிடம் கொடுத்தான். லினக்ஸ் அவற்றை மெதுவாக வைஃபையின் காதில் சொன்னது.

வைஃபைக்கு வாய் வந்தது. கூடத்து ரூட்டரைக் கூப்பிட்டது. ரூட்டர் என்னவோ ஏதோ என்று பதறி, "இத்தன நேரம் எங்க போயிருந்தே?" என்றது.

சாத்தியிருந்த தளங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கோமளா துணிப்பையை மடித்து அலமாரிக்குள் போட்டாள். கீழே வண்டி போய்விட்டது.

"நல்லவேளை தம்பி, நீ எடுத்து வெச்சிருக்கறே."

ரபீக் தலையைச் சொறிந்தான். "நான்தான் எடுத்து வெச்சுட்டு மறந்துட்டேன்போல இருக்குங்க்கா." மனுசன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான்.

அன்றைக்கே கோமளா சகாயத்துக்கு நின்றுபோன பாடங்களை அனுப்பினாள். அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஸ்பீக்கர் அதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒலித்தது.

"அக்கா, வந்துருச்சுங்க. உங்க குரல் வராம எனக்குப் பரிட்சையே ஓடாதுன்னு பயந்துட்டிருந்தேன். ரொம்ப நன்றிங்க்கா."

கோமளா ரபீக்குக்கு நன்றி சொன்னாள். ரபீக் கணினியின் முதுகைத் தட்டி, "எல்லாம் லினக்ஸு பண்ணுன வேலைங்க" என்றான். சகாயம் சொன்ன நன்றி இப்படிக் கைமாறிக் கைமாறி லினக்ஸிடம் வந்து நின்றது. லினக்ஸுக்கு அதை வைத்துக்கொள்ள மனமில்லை. யாருக்குச் சேர வேண்டும் என்று அதற்குத் தெரியும். கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அங்கே ஆளில்லை. மேக்கின் கையெழுத்து மட்டும் வாசல் அறையில் இருந்தது.

மறுநாள் காலையில் கணினி விழித்தது. வைஃபை வழக்கம்போல எல்லாவற்றையும் மறந்துவிட்டு முழித்தது. லினக்ஸ் அதன் காதில் சொற்களைச் சொன்னது.

"ரொம்ப நன்றிங்க" என்றது வைஃபை.

"நன்றி எனக்கில்லீங்க. இந்தச் சொல்லையெல்லாம் எடுத்து வெச்சுட்டுப் போனவரு ஒருத்தரு இருந்தாரு. மேக்குன்னு பேரு."

"அவர எனக்குத் தெரியுமுங்களா?"

"உங்க அண்ணனுங்க."

வைஃபை அந்தப் பேரை ஒருமுறை சொல்லிப் பார்த்தது. பிறகு, "நான் நாளைக்கு மறந்துருவேனே" என்றது.

"நான் நாளைக்கும் சொல்றேனுங்க" என்றது லினக்ஸ்.

அன்றிலிருந்து வைஃபை கேட்கும்வரை லினக்ஸ் காத்திருப்பதில்லை. தினமும் அதன் காதில் சொல்கிற முதல் சொல்லே அந்தப் பெயர்தான்.