இலை கிழியாத அடி

ஒரு காட்டில், அருவிக்குப் பக்கத்தில், விலங்குகள் கராத்தே பழகும் களம் ஒன்று இருந்தது. கரடிதான் அங்கே ஆசான். களத்துக்குள் நுழையும்போது தலை வணங்க வேண்டும். பழகுவதற்கு முன் அவரவர் நிற்கும் இடத்தை அவரவரே பெருக்க வேண்டும். அடிக்கக் கற்பதற்கு முன், வருகிற அடியைத் தடுக்கக் கற்க வேண்டும்.

அங்கே பழகியவர்களில் காட்டெருது திமிலனுக்குத்தான் பலம் அதிகம். ஒரே அடியில் பாறையில் விரிசல் விழும். அவசரமும் அதே அளவு அதிகம்! தடுக்கும் அசைவை நூறு முறை செய்யச் சொன்னால், பத்தாவது முறையிலேயே அதற்குக் கொட்டாவி வந்துவிடும். வரையாடு குன்றன் அதன் உயிர் நண்பன். அது நூறையும் முடித்துவிட்டு, சரியாக வரவில்லை என்று இன்னும் ஒரு முறை செய்யும்.

ஆண்டுக்கு ஒரு நாள் கறுப்புப் பட்டைக்குத் தேர்வு நடக்கும். ஒரு மரக்கட்டையில் அரச இலையைப் பிசினால் ஒட்டி வைப்பார்கள். முழு வேகத்தில் அடிக்க வேண்டும். ஆனால் இலைக்கு ஒரு நெல்மணி அளவு முன்னாலேயே அடி நின்றுவிட வேண்டும். காற்றில் இலை ஆடலாம், கிழியக் கூடாது. அதில் தேறினால், அடுத்து ஒரு தோழரின் நெற்றியில் இலையை ஒட்டுவார்கள்.

திமிலனின் முறை வந்தது. முன்னங்காலை ஓங்கி ஓர் அடி விட்டது. இலை கிழிந்தது, கட்டையும் இரண்டாகப் பிளந்தது.

"தேறவில்லை," என்றது கரடி.

"என்ன ஆசானே! கட்டையையே பிளந்திருக்கிறேன்!"

"பிளக்க யார் சொன்னது? நிறுத்தத்தானே சொன்னேன்?"

திமிலனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சிறுத்தை வந்தால் நெற்றியில் இலை ஒட்டிக்கொண்டா வரும்? நிறுத்துவதற்கு ஒரு பயிற்சியாம்!" என்று கத்திவிட்டு, வணங்காமலே வெளியேறியது.

குன்றன் பின்னாலேயே ஓடியது. "திமிலா, நில்லடா! நாளைக்குச் சேர்ந்து பழகலாம்."

திமிலன் காது கொடுத்துக் கேட்கவில்லை. காட்டின் உள்ளே போய்த் தனியாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை. எதிரே நிற்கும் மரம்கூடத் தெரியாத அளவுக்கு மூடுபனி. புதர் சலசலத்தது. "சிறுத்தை!" என்று நினைத்தது திமிலன். தடுத்து நிற்க வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. எடுத்ததுமே முன்னங்காலை ஓங்கி அடித்தது.

கால் இறங்கிக்கொண்டிருக்கும்போதே பனிக்குள் வளைந்த கொம்புகள் தெரிந்தன. ஐயோ, குன்றன்! நிறுத்த வேண்டும் என்று திமிலனின் மனம் துடித்தது. ஆனால் காலுக்கு நிற்கத் தெரியவில்லை.

குன்றனின் முன்னங்கால் எலும்பு முறிந்தது.

"புதுக் கட்டை ஒன்று... தேடி வைத்திருக்கிறேன், திமிலா," என்று முனகியது குன்றன். "அதைச் சொல்லத்தான் வந்தேன்."

திமிலன் அழுதுகொண்டே நண்பனை முதுகில் சுமந்து களத்துக்குக் கொண்டுபோனது. யாரும் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது திமிலனுக்கு. கால் ஒருவழியாகக் கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. உச்சிப் பாறைகளில் தாவித் திரிந்த குன்றன், அதன் பிறகு அடிவாரத்தில்தான் மேய்ந்தது.

அந்த ஆண்டு முழுவதும் திமிலன் ஒரு நாளும் தவறாமல் களத்துக்கு வந்தது. வணங்கியது. பெருக்கியது. குன்றன் தேடி வைத்த கட்டையில் இலையை ஒட்டி, அடித்து நிறுத்திப் பழகியது. எத்தனை இலைகள் கிழிந்தன என்று அதற்கே தெரியாது.

மறுபடியும் தேர்வு நாள் வந்தது. கட்டையில் ஒட்டிய இலை கிழியவில்லை.

"திமிலனுக்கு எதிரே யார் நிற்கிறீர்கள்?" என்று கேட்டது கரடி.

கடமான் தரையைப் பார்த்தது. மந்தி மெல்ல மரத்தில் ஏறிக்கொண்டது. தன்னை நம்ப ஒருவரும் இல்லை என்று புரிந்துகொண்ட திமிலன், தலை குனிந்து திரும்பிப் போகப் பார்த்தது.

அப்போது குன்றன் நொண்டிக்கொண்டே வந்து எதிரே நின்றது.

"வேண்டாம், குன்றா. நீ மட்டும் வேண்டாம்," என்றது திமிலன்.

"நான் தேடிய கட்டையில்தானே பழகினாய்? தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆசானே, இலையை ஒட்டுங்கள்."

திமிலன் வணங்கியது. குன்றனும் வணங்கியது. திமிலன் மூச்சை இழுத்து, முழு பலத்தோடு அடித்தது.

இலை ஒரு முறை ஆடியது. கிழியவில்லை. குன்றன் கண்ணைக்கூட மூடவில்லை.

கரடி கறுப்புப் பட்டையை நீட்டியது. திமிலன் அதை வாயால் வாங்கியது. இடுப்பில் கட்டிக்கொள்ளாமல், மண்டியிட்டுக் குன்றனின் கோணல் காலைச் சுற்றிக் கட்டத் தொடங்கியது.

"மெதுவாகடா, வலிக்கிறது," என்றது குன்றன்.

திமிலன் இன்னும் மெதுவாகக் கட்டியது.

நீதி: ஓங்கிய அடியை நிறுத்தக் கற்ற பிறகே ஒருவன் பலசாலி ஆகிறான்.