பின்பலகையில் ஒரு பட்டு

கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் மேலத்திட்டு தீவாகிவிடும். தீவில் ஒரு சிறு மடம். மடத்தில் இரண்டே பேர். சீடர் குஞ்சிதபாதத்துக்கு அறுபது வயது. குரு ஞானாம்பிகை அம்மையாருக்கு அதைவிடப் பதினைந்து குறைவு.

மடத்தை நிறுவிய பெரியசாமி மறைந்தபோது, மடத்தை அம்மையாரிடமும் தாம் தோளில் போடும் மேல்பட்டைக் குஞ்சிதபாதத்திடமும் விட்டுப் போனார். இதில் யாருக்குக் கிடைத்தது பெரிது என்பதில் குஞ்சிதபாதத்துக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அம்மையாரை அவர் கைகூப்பி வணங்குவார். விழுந்து கும்பிடுவது பெரியசாமியின் சமாதி மேடைக்கு மட்டும்.

அன்று காலை அக்கரையிலிருந்து அக்காள் மகன் சபாநாயகம் கைபேசியில் அழைத்தான்.

"மாமா, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. நீங்க வந்துட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அஞ்சுகம் அக்கா, தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். அவளிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் குஞ்சிதபாதம் மடத்துக்கு வந்து சேர்ந்தார். பிறகு போய்ப் பார்க்கவும் இல்லை. துறவிக்கு அக்கா ஏது என்று முதலில் நினைத்தார். பின்பு, எந்த முகத்தோடு போவது என்று நினைத்தார்.

பரிசல்காரர்கள் யாரும் ஆற்றில் இறங்கவில்லை. ஓர் அன்பர் வாங்கிக் கொடுத்த ரப்பர் படகும் அதற்குரிய சின்ன மோட்டாரும் மடத்தில் இருந்தன. அதை ஓட்டவும் பூட்டவும் அம்மையார் தீயணைப்பு நிலையத்தில் கற்று வந்து, கோடையில் குஞ்சிதபாதத்துக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார்.

குஞ்சிதபாதம் படகுக்குக் காற்றடித்தார். மோட்டாரைத் தூக்கி, பின்பலகையின் நட்டநடுவில் மாட்டினார். விசிறிக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடியோடு சமமாக நின்றதா என்று குனிந்து பார்த்தார். நின்றது. மோட்டாரின் தலைக்கு விபூதி பூசிச் சந்தனப் பொட்டும் வைத்தார். இதுபற்றிக் கையேட்டில் ஒன்றும் இல்லை; கூடாது என்றும் இல்லை.

அம்மையார் குடையோடு கரைக்கு வந்தார். மோட்டாரைப் பலகையோடு கவ்விப் பிடிக்கும் இரண்டு திருகுகளையும் பார்த்தார்.

"நடுவுல என்ன அது, சிவப்பா?"

"பெரியசாமியோட மேல்பட்டு அம்மா."

"எடுங்க."

"இரும்பு நேரா மரத்தைக் கடிக்குமே."

"கடிக்கத்தான் வேணும்."

"அவர் இந்த ஆத்துல எத்தனை வெள்ளத்தைத் தாண்டியிருக்கார்! அவர் பட்டு கூட வந்தா ஒரு பலம்."

"உங்க தோள்ல போட்டுக்கிட்டு வாங்க. யார் வேணாங்கறா?"

குஞ்சிதபாதம் அசையவில்லை. அம்மையார் குடையைக் கீழே வைத்தார். திருகுகளைத் தளர்த்திப் பட்டை உருவினார். அதை அவருடைய மணிக்கட்டில் சுற்றி, அதற்கு மேலே இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இழுங்க."

இழுத்தார். பட்டு அம்மையாரின் பிடியில் நின்றது. கை வழுக்கிக்கொண்டு வந்தது.

அம்மையார் இப்போது வெறும் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இழுங்க."

கை வரவில்லை.

"புரிஞ்சுது அம்மா" என்றார் குஞ்சிதபாதம். உண்மையிலேயே புரிந்திருந்தது.

"பூட்டுங்க. நான் துடுப்பு எடுத்துட்டு வரேன்."

"அதான் மோட்டார் இருக்கே. துடுப்பு எதுக்கு?"

"மோட்டார் இருக்கிறதாலதான்."

அம்மையாரின் தலை மறைந்ததும் குஞ்சிதபாதம் பட்டை மறுபடி மடித்தார். முன்பைவிடக் குறுகலாக, வெளியே தெரியாத அளவுக்கு. அதைத் திருகுக்கும் பலகைக்கும் நடுவே வைத்துக் கை வலிக்க இறுக்கினார். அக்காளைப் பார்க்கப் போகிற வழியில் பெரியசாமி கூட இல்லாமல் எப்படி?

அம்மையார் துடுப்புகளோடு திரும்பினார்.

"இறுக்கியாச்சா?"

"நல்லா இறுக்கியாச்சு."

அதில் பொய் இல்லை. குஞ்சிதபாதம் பொய் சொல்லும் வழக்கம் இல்லாதவர். கேட்காததைச் சொல்லும் வழக்கமும் இல்லாதவர்.

அம்மையார் ஒரு கயிற்றால் மோட்டாரின் கைப்பிடியைப் படகின் வளையத்தோடு கட்டிவிட்டு, முன்பக்கம் போய் உட்கார்ந்தார். குஞ்சிதபாதம் மோட்டாரை இயக்கினார். படகு சேற்று நிறத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கிளம்பியது. பிடுங்கப்பட்ட வாழைகள் மிதந்து போயின. ஒரு கோழிக்கூடும் போனது.

கொஞ்ச தூரத்தில் அம்மையார் திரும்பினார்.

"நிறுத்துங்க. அதிர்வுல திருகு தளர்ந்திருக்கும். இன்னொரு தடவை இறுக்கிட்டுப் போகலாம்."

நிறுத்தினால் அவர் எழுந்து வருவார். வந்தால் பார்ப்பார்.

"நேரமாச்சு அம்மா. அக்கரை போயிடலாம்."

அதுவும் பொய்யில்லை. அம்மையார் அவர் முகத்தைப் பார்த்தார். அக்காளுக்காகத் தவிக்கிற முகமாகத்தான் இருந்தது. முன்னால் திரும்பிக்கொண்டார்.

நடு ஆற்றில் மோட்டாரின் குரல் மாறியது. முதலில் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்தது. குஞ்சிதபாதம் அதைக் கட்டிப் பிடிக்கப் பார்த்தார். படகு ஒரு சுற்றுச் சுற்றியது. மோட்டார் பலகையை விட்டு எழும்பி, சந்தனப் பொட்டோடு தண்ணீருக்குள் போயிற்று. கயிறு விறைத்தது. மோட்டார் சத்தம் நின்றது; ஆற்றின் சத்தம் மட்டும் மிச்சம்.

பட்டு விரிந்து மிதந்தது. குஞ்சிதபாதம் இரண்டு கையையும் நீட்டி அதன்மேல் பாய்ந்தார். படகின் ஓரம் அமிழ்ந்து தண்ணீர் உள்ளே வந்தது.

அம்மையார் பட்டைப் பார்த்தார். அவரையும் பார்த்தார்.

"துடுப்பு" என்றார்.

விரல்நுனிக்குக் கொஞ்சம் அப்பால் பட்டு போய்க்கொண்டிருந்தது.

"துடுப்பைப் பிடிங்க ஐயா!"

குஞ்சிதபாதம் துடுப்பை வாங்கிக்கொண்டார்.

கயிற்றில் தொங்கிய மோட்டார் படகைப் பின்னுக்கு இழுத்தது. வெள்ளம் ஆற்றோடு கீழ்நோக்கி இழுத்தது. ஊரைத் தாண்டி வெகுதூரம் போய்த்தான் அவர்களால் கரையைத் தொட முடிந்தது. அங்கிருந்து ஆற்றங்கரை மேட்டின் மேலேயே மழையில் நடந்து வந்தார்கள்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. சபாநாயகம் இறங்கி ஓடி வந்தான்.

"இப்பத்தான் மாமா... கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க. தம்பி வந்துட்டானா, தம்பி வந்துட்டானான்னு..."

உள்ளேயிருந்து ஒப்பாரி எழுந்தது. குஞ்சிதபாதம் படி ஏறவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்தார். தகரத்தில் மழை அடித்தது. கொஞ்ச நேரத்தில் அம்மையாரும் வந்து எதிரே நின்றார்.

"திட்டிடுங்க அம்மா."

அம்மையார் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார்.

"நான் செஞ்சது தப்புதான். உங்க பேச்சை மீறினேன். ஆனா பெரியசாமி? அவருக்குச் செஞ்ச பணிவிடை எத்தனை! அக்கரை சேர்ற வரைக்கும் பிடிச்சுக்கிட்டிருக்கக் கூடாதா? நான் வேற என்ன கேட்டேன்? ஏம்மா விட்டுட்டார்?"

அம்மையார் நனைந்த முந்தானையைப் பிழிந்தார்.

"பெரியசாமி போன வருஷமே செத்துப்போயிட்டார் ஐயா" என்றார். "உங்க அக்கா இப்பத்தான். உள்ளே போங்க."