ஏழாவது தையல்

ஆம்பூரில் தோல் பெல்ட் தைக்கிற சலோமிக்கு வயது முப்பத்தி நாலு. அவளிடம் தொழில் கற்க வந்த ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தி ஒன்று. ஷூ கம்பெனியில் இருபது வருஷம் மெஷின் ஓட்டியவர். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இதில் இரண்டு பேருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

“மெஷின்ல பத்து நிமிஷ வேலை. கையால எதுக்கு ஒரு நாள்?” என்று முதல் நாளே கேட்டார்.

அவள் ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்தாள். ஒரே துளையில் இந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி, அந்தப் பக்கமிருந்து ஒரு ஊசி விட்டு இழுத்தாள்.

“ஒரு பக்கம் அறுந்தா இன்னொரு பக்கம் பிடிச்சுக்கும். ஆனா ரெண்டாவது ஊசி, முதல்ல போன நூலைக் குத்திடக் கூடாது. குத்தினா ரெண்டும் போச்சு.”

ஏகாம்பரத்துக்கு இருந்தது ஒரே ஆசை, சொந்தக் கடை. எட்டு மாதமாகக் கேட்டார்.

“எப்ப மேஸ்திரி?”

“பாக்கலாம்ணே.”

கடைசியில் ஒரு நாள், கம்பம் ஏறும் லைன்மேன் ஜெயசீலனின் இடுப்பு பெல்ட்டை அவரிடம் கொடுத்தாள். “தனியா தைங்க. இது தேறினா கடை போடுங்க.”

அவசரம் யாரை விட்டது? பக்கிளிலிருந்து ஏழாவது தையலில் ஊசி நூலைக் குத்திவிட்டது. இழுக்கும்போது சிக்கியது, அவருக்குத் தெரிந்தது. பிரித்தால் மறுபடி முதலிலிருந்து. ஆளோ பத்து மணிக்கு வந்துவிடுவான். வெடுக்கென்று இழுத்து, சுத்தியலால் தட்டி, மேலே மெழுகைத் தேய்த்தார். பார்க்க அழகாகவே இருந்தது.

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பெல்ட்டைக் கொடுக்கும் முன் ஏதாவது ஒரு தையலில் ஒரு பக்க நூலை வெட்டி, இழுத்துப் பார்ப்பார்கள். தாங்கினால் அந்த இடத்தைத் தைத்துக் கொடுப்பார்கள்.

சலோமி பெல்ட்டை விரலால் தடவிப் பார்த்தாள். கத்தியை எடுத்தாள்.

“எங்கண்ணே வெட்டட்டும்?”

இத்தனை நாள் அவள் இப்படிக் கேட்டதில்லை. ஏகாம்பரம் பக்கிளுக்கு எதிர் முனையைக் காட்டினார்.

வெட்டினாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்தார்கள். அசையவில்லை.

“தாங்குது” என்று சொல்லி, வெட்டிய இடத்தைத் தைத்தாள்.

ஜெயசீலன் வந்தான். பெல்ட்டைக் கட்டிக்கொண்டு இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“வீட்ல ரொம்ப பயப்படுறாங்கண்ணே. இதை நம்பி சாயலாம்ல?”

ஏகாம்பரம் சலோமியைப் பார்த்தார். அவள் நூலுக்கு மெழுகு போட்டுக்கொண்டிருந்தாள்.

“கழட்டு தம்பி.”

“ஏண்ணே?”

“கழட்டுன்னு சொல்றேன்ல!”

ஏழாவது தையலில் ஒரு பக்க நூலை அவரே வெட்டினார். இழுத்தார். மறுபக்க நூலும் பட்டென்று விட்டது.

“அடப்பாவி மனுஷா!” என்றான் ஜெயசீலன். நாளைக்கு வருவதாகச் சொல்லிப் போகும்போதும் திட்டிக்கொண்டேதான் போனான்.

ஏகாம்பரத்துக்கு வெட்கமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேஸ்திரி?”

“வேற எங்கேயும் இல்லாத மெழுகு அங்க இருந்துச்சு.”

“அப்ப நான் காட்டின இடத்துல ஏன் வெட்டினீங்க? நான் வாயைத் திறக்காம இருந்திருந்தா?”

“பெல்ட்டை நான் வாங்கி வச்சிருப்பேன். உங்களை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.”

அவர் பெல்ட்டைப் பிரிக்க உட்கார்ந்தார். பாதி பிரித்த பிறகு, “கடை இந்த ஜென்மத்துல இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

சலோமி தன் கத்தியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

“நாளைக்கு இதைத் தைச்சுக் குடுத்துட்டுப் போய்க் கடையைப் போடுங்கண்ணே. எங்க வெட்டட்டும்னு கேக்க அங்க நான் இருக்க மாட்டேன்.”